எட்டாவது அடுக்கு

சங்கிலிக் கப்பியில் தொங்கிய நான்காம் எண் படகு ஒரு முறை இடப்பக்கம் சாய்ந்தாடிப் பிறகு அடங்கி நின்றது. கொக்கித் தராசின் சின்னத் திரையில் சிவப்பு எண்கள் மேலும் கீழும் அலைந்துவிட்டு முன்னூற்று ஆறு என்று நிலைத்தன. படகுகளை அளந்து சான்றிதழ் கொடுக்கும் யக்ஞநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை. கையிலிருந்த அட்டையில் ஏற்கெனவே எழுதியிருந்த மூன்று எடைகளையும் வாய்விட்டுப் படித்தார். முன்னூற்றுப் பதினெட்டு, முன்னூற்றுப் பத்தொன்பது, முன்னூற்றுப் பதினெட்டு.

"பன்னெண்டு கிலோ கம்மி" என்றார்.

ஷெட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பஷீராவைப் பார்த்தார்கள். சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நான்காம் எண் அவள் செய்தது. ஒரு மாதமாக இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு, அச்சின் உள்ளே மண்டியிட்டு, கண்ணாடியிழைத் துணியைத் துணி துணியாக வைத்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி எழுப்பியது. முதல் மூன்றும் உமேஷ் கோஷ்டி செய்தவை.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்த ஷெட்டில் வழக்கமாகச் செய்வது தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, பூங்காவில் குழந்தைகள் வழுக்கி விளையாடும் சறுக்கு. அலை அடிக்கும் சத்தம் கேட்கவேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டிய ஊரில் படகு கட்டுகிறார்கள் என்று தெருவே சிரித்தது. டீக்கடையில் பஷீராவைக் கப்பல் கம்பெனி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் முதலாளி ஷ்யாம்சுந்தர் அந்த ஆர்டரை விடாப்பிடியாக வாங்கி வந்திருந்தார். இந்த வகைப் படகுக்கு ஏகா என்று பெயர். இருபத்தோரு அடி நீளம், ஒரு பாய்மரம், ஓட்டுவதற்கு ஒரே ஒரு ஆள். போட்டியில் சென்னையில் கிளம்பித் தனியாக அந்தமான் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் தூங்குவதும் அவர்தான், விழித்திருப்பதும் அவர்தான். போட்டியின் முக்கியமான விதி, எல்லாப் படகும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது. ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே பாய். வசதியுள்ளவன் உசத்தியான படகை வாங்கிக்கொண்டு ஜெயித்துவிடக் கூடாது, ஓட்டுகிறவரின் கைதான் ஜெயிக்க வேண்டும். யாருக்கு எந்தப் படகு என்பதைக்கூடச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள்.

ஷ்யாம்சுந்தர் பஷீராவிடம் வந்தார். "அடியில மட்டும் எட்டாவது துணி ஒண்ணு வரணும் இல்லியா பஷீரா? அந்தத் துணியும் அதுக்கான ரெசினும் சேந்தா பன்னெண்டு கிலோ. அத விட்டுட்டியாம்மா?"

கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவளை வாயடைக்க வைத்தது. திருடாதவள் மடியில் திருட்டுப் பொருள் சரியாக வந்து விழுந்தது போல இருந்தது. "வெச்சேன் சார்" என்றாள்.

"வெச்சா எட எங்க போச்சு?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு வரியில் சொல்லும் பதில் இல்லை. உமேஷின் ஆட்கள் துணியை விரித்து வாளியைச் சாய்ப்பார்கள். ரெசின் தேங்கி நிற்கும், அப்படியே காயும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். பஷீரா துணியை எடை போடுவாள், அதே எடைக்கு ரெசினை எடுப்பாள். தடவியபின் ரப்பர் தகட்டால் அழுத்தி அழுத்தி இழுத்து, மிச்சத்தை விளிம்புக்குத் தள்ளி வழித்துப் போடுவாள். தோள்பட்டை விட்டுப்போகும் வேலை. பல வருஷம் முன்னால் மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் அவர்கள் ஷெட்டுத் தொட்டி ஒன்று வெயிலில் பிளந்து மூன்று மாடிக்குத் தண்ணீர் இறங்கியது. பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். துணியே எட்டாத மூலையில் ரெசின் மட்டும் கட்டியாக நின்றிருந்தது. துணிதான் எலும்பு, ரெசின் வெறும் சதை என்று அன்று பிடிபட்டது. அதன்பிறகு அவள் கையில் வந்த எதிலும் ஊளைச்சதை கிடையாது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்?

உமேஷ் எதுவும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு ஆதரவாகத்தான் அமைதியாக இருக்கிறான் என்று பஷீரா அப்போது நினைத்தாள்.

"ஈயக் கட்டி வெச்சு எடைய நிரவிடலாமே சார்" என்று ஷ்யாம்சுந்தர் யக்ஞநாராயணனிடம் சொன்னார்.

"எடைய நிரவலாம், பலத்த எப்படி நிரவறது?" யக்ஞநாராயணனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ரயில்வேயில் பாலங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர், ஒரு திருகாணி குறைந்தாலும் தூக்கம் வராத ரகம். "நடுக்கடல்ல ஒருத்தன் தனியா இருப்பான். அடிப்பக்கம் விட்டுதுன்னா கூப்பிட ஆள் கெடையாது. விதி விதிதான். இந்தப் படகு ஓட்ட ஒடச்சுடணும். யாரோட தப்புன்னு பேரோட எழுதித் தரணும் நீங்க."

தள்ளி நின்றிருந்த சின்மயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மேடவாக்கத்தில் குடியிருக்கிற மென்பொருள் கம்பெனிப் பெண், நாலு பேரில் ஒருத்தியாகப் போட்டியில் ஓட்டப்போகிறவள். அடிக்கடி வந்து படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள், பஷீராவை அக்கா என்பாள், ஒரு முறை டப்பாவில் கேசரிகூடக் கொண்டுவந்தாள். "நல்லவேளை, எனக்கு ரெண்டாம் நம்பர் விழுந்தது" என்றாள். மனதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெளியே சொல்லிவிட்டாள். பஷீராவின் காதில் அது தெளிவாக விழுந்தது.

பஷீரா தாம்பரம் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது, உட்காரத்தான் முடியவில்லை. உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது, அழுதால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும் போலிருந்தது. ஷேர் ஆட்டோவில் ராஜகீழ்ப்பாக்கம் வந்து இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவன் ஷாகுல் வாசலில் ஒரு பழைய ஏ.சி.யைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவன் திருகாணியைக் கழற்றுவதை நிறுத்தாமல் கேட்டான்.

"வுடு. ஒரு துணிதானே. டேங்க்கு செய்யறப்போ எத்தினி வுட்டுருப்பே."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வுட்டதில்ல" என்றாள். "பதினாலு வருசமா உன்கூட குடித்தனம் பண்றேன். நீயே இப்டி கேக்குறியா? ஒரு டேங்க்ல வுட்டதில்ல. ஒரு கக்கூஸ் கதவுல வுட்டதில்ல. அவுங்க கேட்டப்போகூட இவ்ளோ எரியல எனக்கு."

ஷாகுல் திருப்புளியைக் கீழே வைத்தான். சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஆனால் அவள் அதற்குள் போய்விட்டாள். முகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவினாள். கைவிரல்களைப் பார்த்தாள். ரெசின் பட்டுப் பட்டு ரேகை அழிந்த விரல்கள். ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தால் மிஷின் இது யார் விரலும் இல்லை என்று சொல்லும், நாலு தடவை வைக்கச் சொல்வார்கள். இந்த விரலை வாங்கிக்கொண்ட வேலை இன்று இவளைப் பார்த்து நீ செய்யவில்லை என்கிறது. துணி உள்ளே இருக்கிறது, எட்டும் இருக்கிறது, ரெசினுக்குள் புதைந்து கிடக்கிறது. தோண்டிக் காட்டினால் தெரியாதா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரெசின் கம்பெனிக்காரர் ஒரு முறை ஷெட்டுக்கு வந்தபோது பழைய துண்டு ஒன்றைக் கொளுத்திக் காட்டினார். ரெசின் எரிந்து போனது, கண்ணாடித் துணி எரியாமல் மிஞ்சியது. அன்று எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்னால் போய் யக்ஞநாராயணனுக்காகக் காத்திருந்தாள்.

"சார், வேகம் காட்டுற கருவிக்கு எல்லாப் படகுலயும் அடியில ஒரு ஓட்டை போடுவோம்ல. நாலாம் நம்பர்ல இன்னும் போடல. இப்போ போடுங்க. வெட்டி எடுக்குற வட்டத்த கொளுத்துங்க. துணி எரியாது. எண்ணிப் பாத்துட்டு அப்பறம் எம்பேர எழுதுங்க."

யக்ஞநாராயணன் அவளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "சரி" என்றார்.

வாசலில் நாலு செங்கல்லை வைத்து, பிஸ்கட் அளவு வட்டத்தை அதன்மேல் வைத்து, கேஸ் டார்ச்சைக் காட்டினார்கள். கறுப்புப் புகை சுருண்டு எழுந்து எதிர்வீட்டு மாடிவரை போனது. துணி காயப்போட வந்த அம்மாள் திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சின்மயி வீட்டிலிருந்து வேலை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். புகை நின்றது. கரியை ஊதினால் உள்ளே வெள்ளையாக, நெசவு கலையாமல், துணி. யக்ஞநாராயணன் சாமணத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தகரத் தட்டில் வைத்தார். எண்ணுவது அவர் உதட்டில் தெரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு. ஏழுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நன்றாக அழுத்தப்பட்டு, மற்றவற்றோடு ஒட்டியே கிடந்தது.

"எட்டு" என்றார்.

ஷ்யாம்சுந்தர் கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டார். "அப்ப சரி. பன்னெண்டு கிலோ ஈயம் போட்டுடலாம். எல்லாரும் வேலையப் பாருங்கப்பா." அவ்வளவுதான். நேற்று ஷெட்டு முழுக்க வைத்துக் கேட்டவர் இன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யக்ஞநாராயணன் குனிந்து படிவத்தில் எழுத ஆரம்பித்தார். சின்மயி செல்பேசியைப் பார்த்தாள். குற்றவாளி இல்லை என்று ஆனபின் அவர்களுக்குப் பஷீராவே இல்லை என்று ஆகிவிட்டது. மனுஷர்கள் அவமானப்படுத்த மட்டும் கூட்டம் சேர்ப்பார்கள் போல.

"மத்த மூணையும் கொளுத்துங்க" என்றாள்.

"எதுக்கு? அதுங்க எட கரெக்டாதானே இருக்கு?" என்றார் யக்ஞநாராயணன்.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்னுதானே சார் உங்க ரூல்ஸு. அப்போ எங்கையில வந்தத மட்டும் இன்னாத்துக்குக் கொளுத்துனீங்க? நான் சோதன குடுத்தேன்ல, எல்லாரும் குடுக்கட்டும்."

யக்ஞநாராயணன் பேனாவை மூடினார். வெட்டிய வட்டங்களை எண் எழுதிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். அவரே ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்திரமாகத்தான் இருந்தன. ஷெட்டில் எந்நேரமும் கண்ணாடித் தூசி பறப்பதால், ஆட்கள் அவற்றை டீ கிளாஸ் மேல் மூடியாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றும் மூன்றும் உடனே வந்துவிட்டன. இரண்டாம் எண் உமேஷின் கிளாஸ் மேல் இருந்தது. அவன் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. கிளாஸைப் பிடித்தபடியே நின்றான். கடைசியில் சின்மயி போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒன்றில் எட்டு. மூன்றில் எட்டு. இரண்டு எரிந்து முடிய நேரம் எடுத்தது, அதில் எரிய ரெசின் நிறைய இருந்தது. யக்ஞநாராயணன் பிரித்தார். ஏழில் சாமணம் நின்றது. கீழே தேடினார், கரியைக் கிளறினார், தட்டைத் தட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஏழுதான்.

"அக்கா" என்றான் உமேஷ். அவன் பேசியது முதலாளியிடம் இல்லை, பஷீராவிடம். "அன்னிக்கு துணி ரோல் தீந்துபூச்சு. புது ரோல் வர நாலு நாள் ஆவும்னாங்கோ. மொதலாளி சார்தான் எட வந்தா போதும்னாரு. ரெசின ஊத்தி எட காட்னேன்."

அப்படியென்றால் நேற்று அவன் தரையைப் பார்த்தது அவளுக்கு ஆதரவாக இல்லை, எல்லாம் தெரிந்துதான். ஷ்யாம்சுந்தர் அத்தனை கச்சிதமாகக் கணக்குச் சொன்னாரே, எட்டாவது துணி பன்னிரண்டு கிலோ என்று, அது எப்படித் தெரிந்தது என்பதும் இப்போது விளங்கியது. ஏற்கெனவே ஒரு முறை போட்டுப் பார்த்த கணக்கு அது. தான் செய்த திருட்டின் அளவை எடுத்து அவள்மேல் மாட்டியிருக்கிறார்.

ஷ்யாம்சுந்தர் கொஞ்சமும் அசரவில்லை. "இப்ப என்ன ஆச்சு? உள்பக்கமா ஒரு துணி வெச்சு ஒட்டிட்டாப் போச்சு. பஷீராவே செய்யட்டும், அவ கை சுத்தம்" என்றார். பாராட்டாம்.

பஷீரா யக்ஞநாராயணனைப் பார்த்தாள். இவர் விடமாட்டார் என்று நம்பினாள். நேற்றுக் கத்திய கத்தல் அப்படி.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேஸுக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "நாலு படகு இல்லேன்னா ரேஸையே ரத்து பண்ணிடுவா. மூணு வருஷமா அலைஞ்சு கொண்டுவந்தது. உள்பக்கம் ஒட்டினா ஓரளவுக்கு பலம் வரத்தான் செய்யும். கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாம்."

"நேத்து என் ஓட்ட ஒடைக்கணும்னீங்களே சார்."

அவர் சாமணத்தைத் தட்டில் வைத்தார்.

"விதி விதிதான்னீங்க. எம்பேர எழுதணும்னீங்க. அப்போ இல்லாத யோசன இப்போ எங்கருந்து வந்திச்சு? பஷீரா செஞ்சா ஒடைக்கணும், கம்பெனி செஞ்சா ஒட்டணும், அப்டித்தானே?"

"பஷீரா, சத்தம் போடாத" என்றார் ஷ்யாம்சுந்தர்.

"போடுவேன் சார். நேத்து போட்டுருக்கணும், போடாம வுட்டேன். காஞ்ச ரெசின் மேல எத வெச்சாலும் அது ஒட்டுதான், கூடப் பொறந்தது இல்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கையால ஒட்டி எங்கையாலயே அத மறைக்கச் சொல்றீங்களா?"

அவள் அங்கே நிற்கவில்லை. ஷெட்டுக்குள் போனாள். இரண்டாம் எண் ஓடு மர முட்டுகளின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேல்தளம் இன்னும் பொருத்தவில்லை. அடிப்பக்கம் கூரையிலிருந்து வந்த வெயிலில் பளபளத்தது, நாலிலும் அதுதான் அழகாக இருந்தது. சின்மயி பின்னாலேயே வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஸாரிக்கா" என்றாள். "நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஸாரி கெடக்கட்டும். இதுல போவியா நீ?"

"அவங்க சொல்ற மாதிரி ஒட்டிக் கொடுத்தா தாங்குமாக்கா?"

"தெர்லம்மா. நான் கடல்ல கணுக்காலு வரைக்குந்தான் நின்னுக்கீறேன். இங்க வெச்சுப் பாத்தா தாங்கும். அங்க உன்னத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. அதான் தெரியும் எனக்கு."

சின்மயி ஓட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஐந்து வருஷமாக விடுமுறை நாளெல்லாம் கோவளத்துக்கு ஓடி, கை காய்த்துப்போய், வீட்டில் சண்டை போட்டு இந்தச் சீட்டு வரைக்கும் வந்தவள். இந்தப் படகு இல்லையென்றால் இந்த வருஷம் போட்டி இல்லை, நாலு பேருக்குமே இல்லை. வெளியே இரண்டு ஆண்களும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பேச்சு இப்போது படிவத்தில் எப்படி எழுதுவது என்பதைப் பற்றி.

பஷீரா மேஜையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். ஓட்டின் அடிப்பக்கத்தில் முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை நேராக ஒரு கோடு இழுத்தாள். இங்கே அறுத்தால் எவனாலும் ஒட்ட முடியாது என்கிற இடத்தில் இழுத்தாள். பிறகு அறுக்கும் மிஷினின் ஒயரை இழுத்து வந்து பிளக்கில் சொருகினாள். கழுத்தில் தொங்கிய தன் தூசி முகமூடியைக் கழற்றிச் சின்மயியின் முகத்தில் மாட்டிவிட்டு, மிஷினை அவள் கையில் கொடுத்தாள்.

"சீட்டு உம்பேர்லதான் விழுந்துச்சு" என்றாள். "நான் அறுத்தா வேல பாக்கறவ திமிர்ல செஞ்சான்னு எழுதிக்குவாங்க. பிடிக்கறதுன்னா ரெண்டு கையாலயும் பிடி. உதறும்."

சின்மயி மிஷினை ஓடவிட்ட சத்தத்தில் ஷ்யாம்சுந்தர் வாசலில் இருந்து ஓடி வந்தார். "டேய் உமேஷ், மெயின ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினார். உமேஷ் சுவரிலிருந்த பெரிய சுவிட்சுக்குப் போய்க் கையை அதன்மேல் வைத்தான். வைத்த கையை அழுத்தாமல் பஷீராவையே பார்த்துக்கொண்டிருந்தான். யக்ஞநாராயணன் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். பிளேடு கோட்டைத் தொட்டதும் வெள்ளைத் தூசி கிளம்பி, சின்மயியின் கழுத்து அட்டை மேலும் பஷீராவின் ரேகையில்லாத கைகள் மேலும் படியத் தொடங்கியது.